யோகான் பிலிப் பப்ரிசியஸ்

யோகான் பிலிப் பப்ரிசியஸ் (ஜனவரி 22, 1711 - ஜனவரி 23, 1791) ஜெர்மனியில் பிறந்து தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டு காலம் பணியாற்றிய லுத்தரன் சமயக் குருவும் தமிழறிஞரும் ஆவார். இவரது பெயர் பெப்ரீசியஸ், பப்ரிசியுஸ் எனவும் எழுதப்படுவதுண்டு. வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் என்றும், தமிழ் - ஆங்கில அகராதியை அச்சிட்டு வெளியிட்டவர் என்றும் இவர் பரவலாக அறியப்படுகிறார். ஜெர்மானியத் திருச்சபைப் பாடல்களை அவற்றின் மெட்டு மாறாமல் பாடத்தக்க தமிழில் ஆக்கியது இவரது மற்றொரு முக்கிய பணியாகும். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் ஞானப்பாட்டு என வழங்கும் பாடல் வகை நிலைபெற்றதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

இளமையும் கல்வியும்

பப்ரிசியஸ் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் உள்ள கிளீபெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். முதலில் கீசன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். பின்னர் சட்டக் கல்வியை விட்டு ஹாலே நகருக்குச் சென்று இறையியல் கற்றார். ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவிய அநாதைச் சாலையும் அதனைச் சார்ந்த பள்ளிகளும் அச்சகமும் அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தன. டென்மார்க் அரசரின் ஆதரவுடன் 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு முதல், அங்கு பணியாற்றிய மிஷனரிமாரில் பெரும்பாலோர் ஹாலேயுடன் தொடர்பு கொண்டவர்கள். பப்ரிசியசும் அவ்வழியே தெரிந்தெடுக்கப்பட்டு, 1739 இல் கோபனேகனில் குருவாக அபிஷேகம் பெற்று, 1740 ஆகஸ்டில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்.

இவர் அறிந்த இசை மரபு

பப்ரிசியசின் பாட்டுப் பணியைப் புரிந்துகொள்ள, இவர் வளர்ந்த இசை மரபை அறிதல் வேண்டும். ஐரோப்பியத் திருச்சபை இசையில் 16ஆம் நூற்றாண்டு முதல் இரு போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன.

கத்தோலிக்க ஸ்பெயினில் ஆலய இசை பயிற்சி பெற்ற பாடகர் குழுவுக்குரியதாக இருந்தது. பாடல்கள் இலத்தீன் மொழியில் அமைந்தன. பல குரல்கள் தனித்தனி வழியில் சென்று ஒன்றோடொன்று பின்னும் பல்குரல் இசை அங்கு உச்சத்தை எட்டியது. ஆவிலா நகரைச் சேர்ந்த தோமாஸ் லூயிஸ் தே விக்டோரியா (சுமார் 1548 - 1611) இம்மரபின் தலைசிறந்த இசையமைப்பாளர். பார்வையற்றவரான அந்தோனியோ தே கபெசோன் (1510 - 1566) ஸ்பானிய ஆர்கன் இசைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். சங்கீதங்களின் ஓரடியைக் குழு பாட, அடுத்த அடிக்கு ஈடாக ஆர்கன் மட்டும் ஒலிக்கும் முறையும் அங்கு வழக்கில் இருந்தது. மக்கள் பெரும்பாலும் கேட்பவர்களாகவே இருந்தனர். ஆயினும் ஸ்பெயினின் நவார் பகுதியிலிருந்து வந்த பிரான்சிஸ் சவேரியார் 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றியபோது, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து சிறுவர்களை இராகமிட்டு ஓதவைத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

லுத்தரன் ஜெர்மனியில் சபையார் அனைவரும் தம் தாய்மொழியில் பாடுவது வழிபாட்டின் அடிப்படையாயிற்று. எட்டுப் பாடல்கள் கொண்ட முதல் சிறு பாட்டு நூல் 1524 இல் வெளிவந்தது. இவ்வகைப் பாடல் கோரால் எனப்படும். ஓர் அசைக்குப் பெரும்பாலும் ஒரு சுரம், ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு நிறுத்தம், யாவரும் எளிதில் கற்கக்கூடிய மெட்டு என்பன அதன் இயல்புகள். ஆர்கன் இசைப்பவர் முதலில் முன்னிசை வாசித்து மெட்டை நினைவூட்டுவார். பிறகு சபையாரின் பாட்டைத் தாங்கிச் செல்வார். ஹாலேக்கு அருகிலுள்ள லைப்சிக் நகரில் 1723 முதல் 1750 வரை பணியாற்றிய யோகான் செபாஸ்தியான் பாக், கோரால் மெட்டுகளைக் கொண்டு எண்ணற்ற குழுப்பாடல்களையும் ஆர்கன் படைப்புகளையும் இயற்றினார். அவரது ஆர்கன் கோரால்களின் பெருந்தொகுப்பு ஒன்று, பப்ரிசியஸ் அபிஷேகம் பெற்ற அதே 1739 ஆம் ஆண்டில் அச்சாயிற்று.

ஹாலேயில் பயன்பட்ட பாட்டு நூலைத் தொகுத்தவர் யோகான் அனஸ்தாசியுஸ் பிரைலிங்ஹவுசன். 1704 இலும் 1714 இலும் இரு பகுதிகளாக வெளிவந்த அந்நூலில் மெட்டும் அதற்குரிய கீழ்க்குரலும் சேர்த்து அச்சிடப்பட்டிருந்தன. 1741 இல் இரு பகுதிகளும் ஒரே நூலாக்கப்பட்டபோது அதில் 1500 க்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. மார்ட்டின் லூத்தர், பவுல் கெர்ஹார்ட் முதலியோரின் பழைய பாடல்களோடு, தனிமனித பக்தியை உருக்கமாக வெளிப்படுத்தும் புதிய பாடல்களும் அதில் இடம்பெற்றன. புதிய மெட்டுகளில் சில ஆலயத்துக்குப் பொருந்தாத துள்ளல் உடையவை எனக் கண்டனத்துக்கும் உள்ளாயின. தரங்கம்பாடிக்கு வந்த ஹாலே மிஷனரிமார் இந்த மரபையே உடன்கொண்டு வந்தனர்.

சென்னைக்கு வருதல்

தரங்கம்பாடியில் தமிழ் கற்ற பப்ரிசியஸ், 1742 இன் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கு பெஞ்சமின் சூல்ட்சே தொடங்கிய சிறிய தமிழ்ச் சபை, இலண்டனில் இயங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் பொருளுதவியால் நடந்து வந்தது. சீகன்பால்கு ரூத்தின் புத்தகம் வரை பெயர்த்து நிறுத்திய பழைய ஏற்பாட்டை முடித்தவர் சூல்ட்சே. தெலுங்கிலும் வல்லவர். அவர் 1743 இல் ஜெர்மனிக்குத் திரும்பியதும் சபையின் பொறுப்பு பப்ரிசியசிடம் வந்தது. இதன் பின்னர் இவர் தாயகம் திரும்பவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

போர்களும் புதுச்சேரி அச்சுப்பொறியும்

பப்ரிசியசின் சென்னை வாழ்க்கை, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கருநாடகப் போர்களின் நடுவே கழிந்தது. 1746 செப்டம்பரில் லா போர்தொனே தலைமையிலான பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. சபை தன் கட்டடங்களை இழந்தது. பப்ரிசியஸ் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். உடன்படிக்கையின்படி 1749 இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பிய பிறகு, முன்பு கத்தோலிக்கத் துறவியர் வசமிருந்த வேப்பேரிச் சிற்றாலயம் லுத்தரன் மிஷனுக்கு அளிக்கப்பட்டது. வேப்பேரி அதன் பின்னர் இவரது பணியின் மையமாயிற்று.

அமைதி நீடிக்கவில்லை. 1758 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து கவுண்ட் லாலி பெரும்படையுடன் வந்து சென்னையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு வெளியே இருந்த வேப்பேரி சூறையாடப்பட்டது. பப்ரிசியஸ் மீண்டும் பழவேற்காட்டுக்கு ஓட நேர்ந்தது. 1759 பிப்ரவரியில் முற்றுகை கைவிடப்பட்டது.

இரண்டாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1761 ஜனவரியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையிடம் புதுச்சேரி சரணடைந்தது. நகரின் கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. ஆளுநர் மாளிகையில் கிடைத்த அச்சுப்பொறியும் அச்செழுத்துகளும், அவற்றை இயக்கிய தெலோன் என்னும் அச்சரும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். அச்சுத் தொழில் அறிந்தோர் அப்போது சென்னை அரசில் இல்லை. அரசுக்குத் தேவையானவற்றை அச்சிட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டு பப்ரிசியஸ் அப்பொறியைப் பெற்று வேப்பேரியில் நிறுவினார். 1766 அளவில் மிஷனுக்குச் சொந்தமான அச்சகம் அமைந்ததும் புதுச்சேரிப் பொறி அரசிடம் திரும்பிச் சென்றது. இரண்டு முறை இவரை வேப்பேரியிலும் சென்னையிலும் நிற்கவிடாமல் விரட்டியது பிரெஞ்சுப் படை. அதே படையின் தலைநகரிலிருந்து வந்த பொறியே வேப்பேரித் தமிழ் அச்சுக்குத் தொடக்கமாயிற்று.

ஞானப்பாட்டுகள்

தமிழில் ஜெர்மானியப் பாடல்களைப் பாடும் வழக்கம் பப்ரிசியசுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சீகன்பால்கு காலத்திலேயே, 1715 இல், தரங்கம்பாடியில் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சாயிற்று. சூல்ட்சே அதனை விரிவாக்கினார். ஆயினும் பொருளைக் கொண்டுவருவதும் பாடத்தக்கதாக ஆக்குவதும் வேறு வேறு பணிகள். முன்னவர்களின் பாடல்களைத் திருத்தியும், புதியனவாகப் பலவற்றை மொழிபெயர்த்தும் பப்ரிசியஸ் நீண்ட காலம் உழைத்தார். இவரது பாட்டுப் புத்தகம் 1774 இல் வேப்பேரி அச்சகத்தில் வெளிவந்தது.

மெட்டும் சொல்லும்

ஒரு கோராலை அதன் மெட்டுக்கே தமிழில் பெயர்ப்பதில் உள்ள சிக்கல்கள் பல. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

முதலாவது அளவு. ஜெர்மானியச் செய்யுள் அழுத்தம் பெறும் அசை, பெறாத அசை என்னும் மாற்றத்தால் நடக்கிறது. தமிழ்ச் செய்யுள் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றால் ஆன நேரசை நிரையசைகளால் நடக்கிறது. மெட்டில் நீண்ட சுரம் வருமிடத்தில் தமிழ்க் குறில் அமைந்தால், அது நெடிலாக ஒலித்துப் பொருளே மாறிவிடும். படு என்பது பாடு ஆகும். விதி என்பது வீதி ஆகும். நெடில் வரவேண்டிய இடத்தில் சுரம் குறுகினாலும் இதே கேடு நேரும்.

இரண்டாவது தொடரமைப்பு. கோராலில் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் சபையார் மூச்சு வாங்க நிற்பர். எனவே அடிதோறும் கருத்து ஓரளவு நிறைவுபெற வேண்டும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால், கவனமின்றிப் பெயர்த்தால் எச்சங்கள் அடுக்கி, நிறுத்தம் பொருளின் நடுவே விழும்.

மூன்றாவது தொடை. ஜெர்மானியப் பாடல் அடியின் இறுதியில் ஒலி ஒன்றுவதை விரும்புவது. தமிழில் இயைபு என ஒன்று இருப்பினும், தமிழ்ச் செவி அடியின் முதலில் வரும் எதுகையையும் மோனையையும் எதிர்பார்ப்பது. ஜெர்மானிய மெட்டின் இறுதி நிறுத்தமோ ஈற்றொலியையே எடுத்துக்காட்டும். இரண்டையும் நிறைவு செய்வது அரிது.

நான்காவது வடிவம். பல கோரால்களில் முதற்பகுதி ஒரே மெட்டில் இருமுறை பாடப்பட்டு, வேறு மெட்டில் முடிவுப் பகுதி வரும். தமிழ்க் கீர்த்தனையில் பல்லவி மீண்டும் மீண்டும் வந்து பாடலின் கருத்தை மனத்தில் பதிக்கும். கோராலில் அவ்வாறு திரும்பி வரும் பகுதி பெரும்பாலும் இல்லை. பத்து அல்லது பன்னிரண்டு கண்ணிகள் தொடர்ந்து ஒரே மெட்டில் செல்லும். ஆகவே சொல்லே பாடலைத் தாங்க வேண்டியிருந்தது.

இக்கட்டுகளுக்குள் நின்றே பப்ரிசியஸ் பாடல்களை ஆக்கினார். யாப்பிலக்கண நோக்கில் அவை மரபுச் செய்யுள்கள் அல்ல. சில இடங்களில் சொற்கள் மெட்டுக்காக நெருக்கப்பட்டிருப்பதும் உண்டு. எனினும் எளிய சொற்களும், செபத்தின் நேரடித் தன்மையும், மூலத்தின் உருக்கமும் அமைந்திருந்தமையால் அவை எழுத்தறியாதவர் நாவிலும் தங்கின.

ஆர்கனும் குரலும்

ஜெர்மனியில் கோராலைத் தாங்கி நின்றது ஆர்கன். நூற்றுக்கணக்கான குழாய்களும் காற்றூதும் துருத்திகளும் கொண்ட அப்பெருங்கருவி பொருட்செலவு மிக்கது. மரமும் தோலும் கொண்ட அதன் உறுப்புகளுக்குச் சோழமண்டலக் கரையின் வெப்பமும் ஈரக்காற்றும் ஏற்றவை அல்ல. எனவே ஊர்ச் சபைகளில் ஆர்கனின் இடத்தை மனிதக் குரலே நிரப்ப வேண்டியிருந்தது. உபதேசியாரோ பள்ளி ஆசிரியரோ அடியெடுத்துக் கொடுக்க, பள்ளிச் சிறுவர்கள் முதலில் பாட, சபையார் தொடர்ந்தனர். மிஷன் பள்ளிகளில் பாட்டு ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது. இசைவோடு பாடப்பட்ட மெட்டுகள் இவ்வாறு பல இடங்களில் ஒற்றைக் குரல் மெட்டுகளாக வழங்கின. தமிழ்ப் பாடகரின் குரலில் இயல்பாக எழும் கமகமும் அவற்றோடு கலந்தது. ஆர்மோனியம் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

வேதாகம மொழிபெயர்ப்பு

பாட்டுப் பணியில் பழகிய செவி, பப்ரிசியசின் மொழிபெயர்ப்பு முறையிலும் தெரிகிறது. மூலமொழிகளான எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் நெருங்கிப் பின்பற்றிய இவர், மொழிபெயர்த்த பகுதிகளைக் கற்றோர், கல்லாதோர் ஆகிய பலருக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்டு உணர்ந்த வகையை அறிந்து திருத்தினார். காதால் கேட்கப்படுவதற்கான நூலாகவே வேதாகமத்தை இவர் கருதினார். புதிய ஏற்பாடு 1772 இல் வேப்பேரியில் அச்சாயிற்று. பழைய ஏற்பாடு 1777 முதல் தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி, இவரது மறைவுக்குப் பின்னர் 1796 இல் நிறைவுற்றது.

அகராதி

உடன் பணியாற்றிய யோகான் கிறிஸ்தியான் பிரைதாப்டின் துணையுடன் பப்ரிசியஸ் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1779 இல் வெளிவந்தது. ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழை மலபார் மொழி என்றே அழைத்தமையால், நூலின் பெயரிலும் அச்சொல்லே இடம்பெற்றது. இதில் சுமார் 9,000 சொற்கள் இருந்தன. ஆங்கிலம் - தமிழ்ப் பகுதி 1786 இல் வெளியிடப்பட்டது. பின்னாளில் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனால் விரிவாக்கப்பட்டுப் பல பதிப்புகள் கண்ட இவ்வகராதி, பப்ரிசியஸ் அகராதி என்னும் பெயரிலேயே தமிழாய்வாளர்களிடையே வழங்குகிறது.

கடனும் சிறையும்

பப்ரிசியசின் இறுதிக் காலம் துயரம் நிறைந்தது. சபைப் பணமும், இவரை நம்பிப் பலர் ஒப்படைத்த பணமும் இவர் பொறுப்பில் இருந்தன. ஆர்க்காட்டு நவாபும் அவரைச் சார்ந்தோரும் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கிவந்த காலம் அது. சென்னையில் பலர் அவ்வழியில் பணம் கொடுத்து இழந்தனர். பப்ரிசியசின் பொறுப்பில் இருந்த பணமும் வட்டிக்கு விடப்பட்டுத் திரும்பி வரவில்லை. கணக்கு வழக்குகளில் தேர்ச்சியற்ற இவர், பிறர் பேச்சை எளிதில் நம்பியதும் இதற்குக் காரணமாயிற்று. பணம் கொடுத்தவர்கள் வழக்குத் தொடுக்க, முதிய வயதில் இவர் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். தன் நலத்துக்காக இவர் எதையும் எடுத்துக்கொண்டதாகக் குற்றம் கூறப்படவில்லை. எனினும் இவரை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் அடைந்த இழப்பு உண்மையானது. மிஷனின் நற்பெயருக்கும் இது ஊறு விளைவித்தது.

நாகப்பட்டினத்தில் இருந்த கிறிஸ்தியான் வில்லெம் கெரிக்கே 1788 இல் வேப்பேரிச் சபையின் பொறுப்பை ஏற்றார். விடுதலை பெற்ற பப்ரிசியஸ், தமது 80ஆம் பிறந்த நாளுக்கு மறுநாள், 1791 ஜனவரி 23 அன்று சென்னையில் காலமானார்.

மறைவுக்குப் பின்

பப்ரிசியசின் பாட்டுப் புத்தகம் வெளிவந்த 1774 இல் திருநெல்வேலியில் பிறந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். மிஷனரி சுவார்ட்ஸிடம் வளர்ந்து, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியின் மதிப்பைப் பெற்ற இவர், தமிழ் இராக தாளங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளையும் குறவஞ்சி முதலிய சிற்றிலக்கியங்களையும் இயற்றினார். ஜெர்மானிய மெட்டுக்குத் தமிழ்ச் சொல் என்பது பப்ரிசியசின் வழி. தமிழ் மெட்டுக்குத் தமிழ்ச் சொல் என்பது சாஸ்திரியாரின் வழி. இவ்விரண்டும் ஒன்றையொன்று நீக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த புதிய மிஷனரிமார் பப்ரிசியசின் வேதாகம நடையையும் பழைய பாடல்களையும் மாற்ற முற்பட்டபோது, அவற்றைக் காக்கக் குரல் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் சாஸ்திரியாரே. ஐரோப்பியர் ஒருவர் ஆக்கிய தமிழ் நூலைத் தமிழ்ச் சபையார் தம்முடையது என உரிமை கொண்டாடியதற்கு இது சான்றாகும்.

பப்ரிசியசின் மொழிபெயர்ப்பு மூலத்தை மிக ஒட்டிச் செல்வதால் தமிழின் இயல்பான ஓட்டம் குன்றுகிறது என்று ரேனியஸ் போன்றோர் கருதினர். ரேனியஸ் வேறு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஆயினும் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871 இல் வெளிவந்த ஒன்றிணைந்த மொழிபெயர்ப்பு, பப்ரிசியசின் நடையையே பெரிதும் அடிப்படையாகக் கொண்டது. லுத்தரன் சபைகள் அதன் பின்னரும் நெடுங்காலம் பப்ரிசியசின் வேதாகமத்தையே பயன்படுத்தி வந்தன.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டில் இன்றும் இருவகைப் பாடல்கள் உள்ளன. தமிழ் இராகத்தில் அமைந்தவை கீர்த்தனைகள் எனப்படும். மேலைநாட்டு மெட்டில் அமைந்தவை லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டுகள் என்றும், தென்னிந்தியத் திருச்சபையில் பாமாலைகள் என்றும் வழங்குகின்றன. இரண்டாம் வகையின் தொடக்க வரலாற்றில் பப்ரிசியசின் பெயர் முதன்மையானது. இவர் பணியாற்றிய வேப்பேரிச் சிற்றாலயத்தின் வழிவந்தது அங்குள்ள பரிசுத்த மத்தியா ஆலயம்.

முக்கிய ஆக்கங்கள்

புதிய ஏற்பாடு - தமிழ் மொழிபெயர்ப்பு (வேப்பேரி, 1772)
ஞானப்பாட்டுப் புத்தகம் (வேப்பேரி, 1774)
பழைய ஏற்பாடு - தமிழ் மொழிபெயர்ப்பு (தரங்கம்பாடி, 1777 - 1796)
தமிழ் - ஆங்கில அகராதி (வேப்பேரி, 1779)
ஆங்கிலம் - தமிழ் அகராதி (வேப்பேரி, 1786)